சாதியொருமை

அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பரவாயில்ல, சிமெண்ட் ஒட்டினா தொடச்சுக்கலாம், உக்காருங்க. லெட்டரை வாங்க மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? வாங்கறதுக்குத்தானே இங்க உக்காந்திருக்கேன். ஆனா வாங்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு இல்லையா. நீங்க நின்னுக்கிட்டு நீட்டி, நான் உக்காந்துக்கிட்டு வாங்கினா அது தபால் ஆபீஸ்.

உங்க பேரு சின்னப்பா. நாகேஷோட அப்பா. கேட்டுல குடுத்த சீட்டுல, விண்ணப்பதாரருக்கு உறவுங்கற இடத்துல பையன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு அவன் பையன், சரி. அவனுக்கு நீங்க என்னங்கறதுதான் கேள்வி. தகப்பனார். விடுங்க, நானே திருத்திட்டேன்.

பதறாதீங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்னு எனக்குத் தெரியாதா? தீசிஸ் நிராகரிக்கப்பட்டதுன்னு இந்த மேஜையிலேருந்துதான் கடிதம் போச்சு. தொண்ணூறு நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம், கடைசி நாள் மாலை அஞ்சு மணி வரைக்கும். அதுவும் நான் டைப் பண்ணின வரிதான். இப்ப மணி நாலேகால். வெள்ளிக்கிழமைங்கறதால நெரிசலும் இல்ல. முக்கால் மணி நேரம் தாராளமா இருக்கு.

தாயேன்னெல்லாம் கூப்பிடாதீங்க. மேடம் போதும். வெளியில போர்டு பாத்தீங்களா? கோமளம், மொழித் திருத்த அதிகாரி. நான் தமிழ் எம்.ஏ., இங்கிலீஷ் எம்.ஏ. ரெண்டும் இலக்கணத்துக்காகவே படிச்சது. எங்க தாத்தா மைசூர் சமஸ்தானத்துல செக்ரடேரியட்ல இருந்தவர், அப்பா விதான சௌதால. எங்க வீட்டுல ஒரு எழுத்துப் பிசகினா சாப்பாட்டுத் தட்டை நகத்தி வெச்சுட்டுத் திருத்தச் சொல்லுவாங்க. இந்த நிறுவனத்துல எந்தத் தீசிஸும் பரிசோதகருக்குப் போறதுக்கு முன்னாடி என் கையைத் தாண்டித்தான் போகணும். பத்தொம்போது வருஷம். உங்க பையனோடதும்தான்.

யார் கொண்டுவந்து குடுத்தாலும் சரின்னு நாகேஷ் சொன்னானா? சொல்லுவான். காமாலைல கண்ணு மஞ்சளாப் படுத்திருக்கிறவன் விதிப் புத்தகத்தையா புரட்டியிருப்பான்? விண்ணப்பதாரர் நேர்ல வரலேன்னா, கொண்டுவர்றவர் விஷயம் இன்னதுன்னு புரிஞ்சு குடுக்கணும். நாளைக்குக் கமிட்டில யாராவது, ஏம்மா, கொண்டுவந்த ஆளுக்கு இது என்னன்னாவது தெரியுமான்னு என்னைக் கேட்டா, நான் என்ன சொல்றது? அதனால ரெண்டு நிமிஷம் கேளுங்க. நான் சொல்றேன். உங்களுக்கும் தெரிய வேண்டாமா, அஞ்சரை வருஷம் பையன் என்ன பண்ணான்னு?

கணக்குன்னு தெரியும். என்ன கணக்கு? அதானே.

நீங்க கொத்தனார் இல்லையா? பொம்மசந்திராவுல எந்தக் கம்பெனி ஷெட்டோ கட்டிக்கிட்டு இருக்கறதா நாகேஷ் சொல்லியிருக்கான். அப்போ உங்களுக்குச் சொல்றது சுலபம். ஒரு சுவர்ல இடமிருந்து வலமா வரிசையா ஆணி அடிச்சிருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ஒழுங்கே இல்ல. முதல் ஆணில நூலைக் கட்டி, மத்த ஆணிக்கெல்லாம் அடியில கொண்டு போய், கடைசி ஆணில விறைப்பா இழுத்துக் கட்டறீங்க. எந்த ஆணில இடிக்குதோ அங்கங்க நூல் மடங்கும். அந்த மடங்கின கோட்டுக்குத்தான் நியூட்டன் பலகோணம்னு பேரு. நாலு பேரைக் கேட்டா நாப்பது நாள் சொல்லுவாங்க, விஷயம் இவ்வளவுதான்.

ஆணி எங்கேருந்து வந்ததுன்னு கேக்கறீங்க பாருங்க, அது சரியான கேள்வி. எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் கியூப்னு பையன் பள்ளிக்கூடத்துல எழுதியிருப்பானே, அதுக்குக் கோவைன்னு பேரு. ஒரு கோவையையும் ஒரு பகா எண்ணையும் எடுத்துக்கிட்டு, கடிகார முள்ளு மாதிரி எண்களை வட்டத்துல சுத்தவிட்டுக் கூட்டுவாங்க. கூட்டி வர்றது அந்தப் பகா எண்ணால எத்தனை தடவை வகுபடுதோ, அத்தனை உயரத்துல ஒரு ஆணி. கோவை மாறினா ஆணி மாறும், நூலும் மாறும்.

இப்ப அதே சுவர்ல, எல்லா நூலுக்கும் கீழ, ஒரு கோடு முன்னாடியே போட்டு வெச்சிருக்கு. உங்க மட்டக்கோடு மாதிரி. ஆனா மட்டமா இருக்காது, நடுவுல பள்ளமாத் தொங்கும். எந்தக் கோவையோட நூலும் அதுக்குக் கீழ இறங்க முடியாது. உங்க பையன் என்ன நிரூபிச்சான்னா, பகா எண் பெரிசாகப் பெரிசாக நூல் இறங்கி இறங்கி அந்தக் கோட்டுகிட்ட வந்துடும், எவ்வளவு கிட்ட வரும்ங்கறதையும் இதோ இந்த அளவுன்னு சொல்லிடலாம்னு. வேற யாரும் அந்த அளவை அவ்வளவு சுத்தமாச் சொன்னதில்லைன்னு அவன் கைடு ரங்கா சாரே என்கிட்ட சொல்லியிருக்கார். ரங்கா சார் போனது உங்களுக்குத் தெரியும் இல்லையா? போன வருஷம் ஜூன் மாசம். ஹார்ட். அவர் இருந்திருந்தா இந்த லெட்டருக்கே வேலை இருந்திருக்காது. ஒரு பக்கம் பாத்திருந்தாலே, இது என் பையன் எழுதின வாக்கியம் இல்லைன்னு சொல்லியிருப்பார்.

மணி நாலரைதான் ஆகுது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

தப்புக்கு வரேன். தப்பு கணக்குல இல்ல. ஒரு வார்த்தைல. இப்ப நான் உங்ககிட்ட, பசு பால் தரும்னு சொன்னா எந்தப் பசுவைச் சொல்றேன்? அல்சூர்ல உங்க தெருவுல நிக்கற பசுவையா? இல்லையே. ஒருமைலதான் சொன்னேன், ஆனா பசுங்கற இனத்தையே சொன்னேன். இலக்கணத்துல இதுக்குச் சாதியொருமைன்னு பேரு. அந்தச் சாதி இல்ல, முகத்தை ஏன் மாத்திக்கறீங்க? இது இலக்கணம். சாதின்னா இனம். ஒண்ணைச் சொல்லி மொத்தத்தையும் சொல்றது. இங்கிலீஷ்ல இதையே ஜெனரிக்னு சொல்லுவாங்க.

கணக்குலயும் ஜெனரிக்னு ஒரு வார்த்தை இருக்கு. ஆனா அங்க அதுக்கு வேற பொருள். கிட்டத்தட்ட எல்லாம்னு அர்த்தம், ஆனா எல்லாமும் இல்ல. எண்ணிச் சொல்லக்கூடிய சில கோணல் கோவைகள் அடங்காம நிக்கும். அதைத் தள்ளிட்டு மத்ததெல்லாம் இப்படித்தான்னு சொல்றது. மலட்டுப் பசு ஒண்ணு இருந்தாலும், பசு பால் தரும்ங்கறது பொய்யாயிடாது இல்லையா, அந்த மாதிரி. ஆனா ஒவ்வொரு பசுவும் பால் தரும்னு எழுதிட்டீங்கன்னா? ஒரு மலட்டுப் பசுவைக் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்து உங்க வாசல்ல நிறுத்தினா போதும். வாக்கியம் செத்துப் போச்சு.

பரிசோதகர் அதைத்தான் பண்ணினார். நாகேஷோட தீசிஸ்ல, நாப்பத்தொரு இடத்துல, ஜெனரிக் கோவைக்குன்னு இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் ஒவ்வொரு கோவைக்கும்னு இருக்கு. ஒரே ஒரு உறுப்பு இருக்கற கோவை ஒண்ணு இருக்கு, பாடத்துல முதல் நாள் சொல்லிக்குடுக்கற உதாரணம். சில பகா எண்ணுக்கு அதோட நூல் பள்ளத்துல இறங்கவே இறங்காது. பள்ளத்து மேல இந்தக் கரைலேருந்து அந்தக் கரைக்குப் பலகை போட்ட மாதிரி நேரா நிக்கும். எவ்வளவு பெரிய எண்ணை எடுத்தாலும் அப்படித்தான். முதல் நாள் உதாரணம்கூடத் தெரியாத ஆள் ஆறாவது வருஷத்துல டாக்டர் பட்டம் கேக்கறார்னு எழுதியிருக்கார். நான் மொழிபெயர்க்கறேன், மூலத்துல இன்னும் காரமா இருக்கு. ஆனா கடைசில ஒரு வரி சேத்திருக்கார். தீசிஸோட ஆங்கிலம் குறையே சொல்ல முடியாததுன்னு. அந்த வரிய நான் ரெண்டு தடவை படிச்சேன்.

ஆமா. நீங்க விரிச்சுப் பிடிச்சிருக்கற இந்த லெட்டர்லயும் அதைத்தான் எழுதியிருக்கான். ரெண்டே வாக்கியம். ஒவ்வொருங்கற இடத்துல எல்லாம் ஜெனரிக்னு படிக்கவும், நிரூபணத்துல ஒரு எழுத்தும் மாறாதுன்னு. நல்லா எழுதியிருக்கான். இதைக் கமிட்டி பாத்தா பத்து நிமிஷத்துல ஒத்துக்கும். காப்பி வர்றதுக்குள்ள ஒத்துக்கும். பட்டம் வந்துடும், அந்த ஜெர்மனிக்காரங்க குடுத்திருக்கற வேலையும் அக்டோபர் வரைக்கும் காத்திருக்கும்னு தெரியும். அதனாலதான் நீங்க சித்தாளை எல்லாம் பாதி வேலைல விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி ஓடி வந்திருக்கீங்க. எனக்குப் புரியாமலா?

ஒரு நிமிஷம். ஏனப்பா கோவிந்தப்பா? தேதி சீலா? ஈக பேடா, ஆமேலே பா. யாரோ வந்திருக்காங்க, பாக்கறே இல்ல? கதவைச் சாத்திட்டுப் போ. இப்ப வேண்டாம், அப்புறம் வான்னு கன்னடத்துல சொன்னாத்தான் இவனுக்கு உறைக்கும். எங்க அட்டெண்டர். எதையும் ஒரு தடவைல செய்ய மாட்டான், ஆனா காதுல விழுந்த எதையும் மறக்கவும் மாட்டான்.

நாகேஷ் நான் அப்படி எழுதவே இல்லைங்கறானா? இருக்கலாம். பிடிபட்டவங்க வழக்கமாச் சொல்றது. ஆனா கோப்புல ஒரு தாள் இருக்கு. மொழித் திருத்தங்கள் எல்லாத்தையும் பாத்தேன், சம்மதம்னு, அவன் கையெழுத்தோட. பாக்காமலே போட்டான். நீங்க பாத்தாப் போதும் மேடம், நான் எதுக்குன்னான். இந்த நாற்காலில, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுலதான் உக்காந்து போட்டான். பிரிண்டும் பைண்டிங்கும் இங்கதான் நடக்கும், அது நிறுவனத்து வழக்கம். அவன்கிட்ட பழைய பிளாப்பி இருக்குமேன்னா, இருக்கட்டும். பதிவான பிரதிதான் தீசிஸ். வீட்டுல இருக்கறது வெறும் காகிதம்.

என்ன கேட்டீங்க? எனக்கு எப்படி இவ்வளவு கணக்கு தெரியும்னா? பரவாயில்லையே, கவனிச்சுக் கேக்கறீங்க. பையனுக்கு எங்கேருந்து வந்ததுன்னு இப்பத் தெரியுது.

அவன்தான் சொல்லிக்குடுத்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டாயிரத்து ஒண்ணு, மார்ச். முதல் அத்தியாயத்தைத் திருத்தத்துக்குக் கொண்டு வந்தான். நான் அந்த ஜெனரிக்கைச் சுழிச்சு, இலக்கணப்படி இது ஒவ்வொருன்னுதான் பொருள்படும், அப்படியே எழுதிடேன்னேன். இல்ல மேடம்னு பென்சிலை எடுத்தான். ஒரு மணி நேரம். ஆணி, நூல், பள்ளம், பலகை, எல்லாம் அவன் சொன்னதுதான். எங்கப்பா கொத்தனார் மேடம், அதனால எனக்கு எல்லாமே நூலாத்தான் தெரியும்னான். நல்லாச் சொல்லிக்குடுக்கறான். குரல் உயராது, பொறுமை. எனக்கு ஒரே தடவைல புரிஞ்சுபோச்சு.

சந்தோஷத்துலதான் ஒரு வார்த்தை சொன்னேன். பாராட்டாத்தான். பொதுவா உங்க பக்கத்துப் பசங்க எட்டாவது ஒம்போதாவதோட நின்னு மேஸ்திரி வேலைக்குப் போயிடுவாங்க, நீ இவ்வளவு தூரம் வந்துட்டேன்னு. இதுல தப்பு இருக்கா? நீங்களே சொல்லுங்க. உங்க தெருவுல எத்தனை பேர் காலேஜ் வாசலை மிதிச்சிருக்காங்க?

அவன் பென்சிலைக் கீழ வெச்சான். சிரிச்சுக்கிட்டே கேட்டான். பொதுவாவா மேடம், ஒவ்வொருத்தருமாவா?

அவ்வளவுதான். மரியாதையாத்தான் கேட்டான். அந்தப் பக்கத்து மேஜையில ஜெயலக்ஷ்மி இருந்தா, அவ டீயைத் துப்பிட்டா. அக்கவுண்ட்ஸ்லேருந்து வந்திருந்த ரெண்டு பேரு சிரிச்சாங்க. கோவிந்தப்பா கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தான். அவனுக்கு என்ன புரிஞ்சதோ, அன்னையிலேருந்து நான் எதைச் சொன்னாலும் இதுதான். இந்த ரூம்ல ஃபேன் பொதுவா ஓடறதில்லைன்னா, பொதுவாவா மேடம், ஒவ்வொண்ணுமாவா? டீ பொதுவா ஆறித்தான் வருதுன்னா, பொதுவாவா மேடம்? கன்னடத்துக்காரன், தமிழ்ல அந்த ரெண்டு வார்த்தை மட்டும் அழகாச் சொல்லுவான். கேன்டீன்ல பரவி, லைப்ரரில பரவி, போன வருஷம் என் பிறந்த நாளுக்குக் கேக் மேலயே யாரோ எழுதச் சொல்லியிருக்காங்க. பத்தொம்போது வருஷம் இந்தக் கட்டடத்துல யாரும் என் வாக்கியத்தைத் திருத்தினதில்லை. இயக்குநரே கேட்டுட்டுத்தான் கமா போடுவார்.

நாகேஷுக்கு இது எதுவும் தெரியாது. கேட்டுட்டு மறந்துட்டான். போன நவம்பர்ல முழுத் தீசிஸையும் கொண்டு வந்து, நீங்க பாத்தாப் போதும் மேடம்னான் இல்லையா. நான் பாத்தேன். கம்ப்யூட்டர்ல ஒரு வார்த்தையைத் தேடி மொத்தமா மாத்தற வசதி உண்டு. நான் அதைப் பண்ணல. மொத்தமா மாத்தினா எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம்னு வாக்கியம் இழுத்துக்கும், பாத்த உடனே கண்ணுல படும். நாப்பத்தொரு இடத்தையும் நானே உக்காந்து ஒவ்வொண்ணாத் திருத்தினேன். ரெண்டு நாள் ஆச்சு. ஒருமை பன்மை, முன்னாடி வாக்கியம், பின்னாடி வாக்கியம், எல்லாம் பாத்து. ஒரு இடத்துல கூடத் தையல் தெரியாது. பரிசோதகருக்கே தெரியலையே.

ஆமா, சரியாத்தான் கேட்டே. நான்தான் மாத்தினேன்.

ஏன் எழுந்துக்கறே? உக்காரு. கத்தி என்ன ஆகப்போகுது? வெளியில போய்ச் சொல்லணுமா, தாராளமாப் போய்ச் சொல்லு. இயக்குநர் ரூம் மாடியில, வலது பக்கம். மேடம் ஒரு வார்த்தையை மாத்திட்டாங்கன்னு சொல்லு. எந்த வார்த்தைன்னு கேப்பாங்க. எங்க, என்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாரு. ஜென்ரேட்டர் இல்ல. ஜென்ரேட்டர் இல்லப்பா. பாத்தியா? அப்புறம் தாளைக் காட்டச் சொல்லுவாங்க, உன் பையன் கையெழுத்தைக் காட்டுவேன். நீ அழுவே. அவங்க உனக்குத் தண்ணி குடுப்பாங்க.

பொதுவா நான் யாரோட தீசிஸ்லயும் கை வைக்கறதில்லை. அதையும் நீ நம்பணும்.

லெட்டரா? குடு, வாங்கிக்கறேன். விஷயம் புரிஞ்சு குடுக்கணும்னு சொன்னேனே, அப்படி விதி எதுவும் கிடையாது. நீ வந்து நின்ன உடனே வாங்கிச் சீல் குத்தியிருக்கணும், அதுதான் விதி. மணி அஞ்சு ஏழு. அஞ்சுக்கு மேல வர்றது அடுத்த வேலை நாள் கணக்கு. நாளைக்குச் சனிக்கிழமை, ஆபீஸ் இல்ல. திங்கக்கிழமைத் தேதி போட்டிருக்கேன். இந்தா, ரசீது. மடிக்காம எடுத்துட்டுப் போ, மை இன்னும் காயல.